உதிரி இழை

காற்றாலையின் அடித்தள இரும்புக் கதவு கடல்காற்றில் படாரென்று சாத்திக்கொண்டபோது, மாடசாமியின் சுண்டுவிரல் இடுக்கில் மாட்டிக்கொண்டது. “யம்மா!” என்று அலறினான். பக்கத்தில் நின்ற நயினார் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: கதவை இழுத்துத் திறப்பது. கை கதவின் பிடியிலேயேதான் இருந்தது. இழுக்கவில்லை. கண் திறந்தபடி, வாய் பாதி திறந்தபடி, சுவரில் ஒட்டிய படம் போல நின்றார். மாடசாமி இடது கையால் அவர் நெஞ்சில் குத்தினான், காலால் உதைத்தான், அவர் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். கடைசியில் அவனே பிடியைப் பறித்துக் கதவை இழுத்து விரலை உருவிக்கொண்டான்.

அந்நேரம் சுற்றியிருந்த மற்றக் காற்றாலைகளின் உச்சியிலும் வேலை நின்றுபோயிருந்தது. ஒன்றின் மேலேயிருந்து திருகுச்சாவி நழுவிக் கடலில் விழுந்தது. அதை விட்டதும் நயினார்தான்.

நயினார் ஓர் ஆள். வேலை நேரத்தில் மட்டும் நாலைந்து ஆள். மண்டபத்துக்குத் தெற்கே கடலில் நட்ட காற்றாலைகளைப் பழுது பார்க்கும் எல்லோருக்கும் அப்படித்தான். காதுக்குப் பின்னால் ஒரு வில்லை பதித்திருப்பார்கள். அந்த வில்லைக்குள் ஓடும் நிரலுக்கு லைப்ரரி என்று பெயர். புத்தகம் எதுவும் அதில் கிடையாது. ஆளின் மனசிலிருந்து இழை இழையாகப் பிரித்து, ஒவ்வொரு இழைக்கும் ஒரு வேலையைக் கொடுத்து, வேலை முடிந்ததும் ஒதுக்கி வைப்பது அதன் பொறுப்பு. மூளை என்னவோ ஒன்றுதான். ஒரே வாய்க்கால் தண்ணீரை வயலுக்கு வயல் முறை வைத்துத் திருப்பிவிடுவது போல, அந்த ஒரே மூளையை இழைக்கு இழை மாற்றிக் கொடுக்கும். மாற்றுகிற வேகத்தில், தான் விட்டு விட்டு ஓடுகிறோம் என்பதே எந்த இழைக்கும் தெரியாது. ஒவ்வொன்றும் ஒரு பொம்மைக்குள் ஏறிக்கொண்டு, நான்தான் நயினார் என்று நினைத்துக்கொண்டு வேலை பார்க்கும். பொம்மை என்பது வேலைக்காரர்கள் வைத்த பெயர். ஆள் உயரத்தில் அலுமினியமும் ரப்பரும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கண்ணாடி, அந்தக் கண்ணாடியில் உடையவரின் முகம்.

சாயங்காலம் கரைக்கு வந்ததும் சேர்ப்பு. நயினார் கட்டிலில் படுப்பார். அன்றைக்கு ஒவ்வோர் இழையும் கண்டது, கேட்டது, வழுக்கியது, பயந்தது எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்ததுபோல் நீட்டும். ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்வார். வாங்கி முடித்ததும் இழைகள் இல்லை, நயினார் மட்டும். உடம்பெல்லாம் நாலு ஆளின் அசதியோடு எழுந்து டீ குடிக்கப் போவார்.

மறுநாள் காலையில் அவரை ஜெபக்கனியிடம் அனுப்பினார்கள். இழைகளைப் பிரித்துக் கொடுப்பதும் கோளாறு வந்தால் சரி பார்ப்பதும் அவள் வேலை. தூத்துக்குடிக்காரி. அவள் அறையில் எந்நேரமும் குளிரும், கருவாட்டு வாசமும் சேர்ந்தே இருக்கும்.

“மாடசாமி அண்ணன் கேஸ் குடுக்கப் போறாராம், தெரியுமா?” என்று சிரித்தபடியே நாற்காலியைக் காட்டினாள். “உக்காருங்க அண்ணாச்சி. இது மொத தடவையா?”

“இல்ல. முன்னாலயும் ரெண்டு மூணு தடவ. டீக்கடையில ஒரு பொம்பள வெந்நிய கால்ல ஊத்திக்கிட்டா. அப்பவும் இப்பிடித்தான் நின்னுட்டேன்.”

“அவ என்ன சொல்லிக் கத்துனா?”

“எல்லாரும் கத்துறதுதான்.”

“அத உங்க வாயால சொல்லுங்க.”

“அம்மான்னு.” சொன்னார். ஒன்றும் ஆகவில்லை.

ஜெபக்கனி சிரிப்பை நிறுத்தியிருந்தாள். “சரி. இப்ப உங்க அம்மா மொகத்த நெனச்சுப் பாருங்க.”

அடுத்து நயினாருக்குத் தெரிந்தது அவள் தன் கன்னத்தில் தட்டிக்கொண்டிருப்பதுதான். மேசையில் சற்று முன் ஆவி பறந்த டீயில் இப்போது ஆடை படர்ந்திருந்தது.

“என்ன பாத்தீங்க?”

“ஒண்ணும் பாக்கல. கதவுக்கு வெளிய நிக்க மாதிரி இருந்துச்சு. உள்ள ஆள் இருக்கு. தொறப்பாங்கன்னு நின்னேன்.”

ஜெபக்கனி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவரைப் பார்க்காமலே கேட்டாள்.

“அண்ணாச்சி, அம்மா தவறினப்போ கொள்ளி வச்சது நீங்கதான?”

“நான்தான். ஒரே மகன்லா.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். “உங்கிட்ட சொல்லுதேன், வெளிய சொல்லாத. அடுத்த வீட்டு அடுப்பப் பத்த வச்ச மாதிரி இருந்துச்சு. சொட்டுக் கண்ணீர் வரல. பெரியம்மா மக எல்லார் முன்னாலயும் கல்நெஞ்சன்னு சொன்னா. நானும் அப்பிடித்தான் நெனச்சுக்கிட்டேன்.”

“நீங்க கல்நெஞ்சன் இல்ல. உங்க அம்மா நெனப்பு பூட்டிக் கெடக்கு.”

அவள் விளக்கிச் சொன்னாள். பிள்ளைப் பிராயம், படிப்பு, தொழில், சொந்தபந்தம் எல்லாம் இழைகளுக்குப் பொதுச் சொத்து. ஒரே நினைவை இரண்டு இழை ஒரே சமயத்தில் எடுத்துப் புழங்கினால் குழம்பிப்போகும்.

“ஒரே பானையில ரெண்டு பேரு அகப்பையப் போட்டா என்ன ஆகும், அந்த மாதிரி. அதனால எடுக்கவங்க பூட்டிக்கிட்டுத்தான் எடுக்கணும். எடுத்து முடிச்சதும் தொறந்து விட்டுரணும். பூட்டுனவங்கதான் தொறக்க முடியும். அதுவரைக்கும் மத்தவங்க வாசல்ல நிக்க வேண்டியதுதான். வலியில யாராச்சும் அம்மான்னு கத்துனா மனசு தன்னால அந்தப் பக்கம் ஓடுதுல்லா, நீங்க போய் நின்னுடுதீங்க. உங்க மூளையே அங்க நிக்கப்போயி எல்லா இழையும் நின்னு போகுது. பொறுத்துப் பாத்துட்டு லைப்ரரி உங்களக் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துருது.”

“யாரு பூட்டுனா?”

“தென்காசிக்கு அனுப்பினோம்லா, அது.”

நயினாருக்குப் புரிய நேரமாயிற்று. ஆடி மாதக் காற்றின்போது அம்மாவுக்கு முடியாமல் போனது. தென்காசிக்கு வெளியே ஒரு தணிப்பு இல்லத்தில் சேர்த்திருந்தார்கள். இனி வைத்தியம் இல்லை, வலி மட்டும் தெரியாமல் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லும் இடம். காற்றுக் காலத்தில் காற்றாலைக்காரனுக்கு விடுப்பு கிடையாது. கெஞ்சிக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். நயினார் கேட்கவில்லை. அப்பா சாகக் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் அவர். அந்த மூச்சுச் சத்தம் பல வருஷம் அவர் காதைவிட்டுப் போகவில்லை. இன்னொரு தரம் அதைக் கேட்கத் தெம்பில்லை. கல்யாணம் கூடிவராத மனுஷன், பகிர்ந்துகொள்ள வீட்டில் ஆளும் இல்லை. அதனால் ஓர் இழையை அனுப்பினார்.

அன்றைக்கும் இதே நாற்காலிதான். ஜெபக்கனி கேட்டாள், சேர்ப்பு இழையா, உதிரி இழையா என்று. சேர்ப்பு என்றால் எல்லாம் முடிந்ததும் அது கண்டதை நயினார் வாங்கிக்கொள்ள வேண்டும். உதிரி என்றால் அதற்காக யாரும் காத்திருக்க வேண்டாம். வேலை முடிந்தது என்று அது சொன்னதும் லைப்ரரியே அதைத் துடைத்துவிடும், கண்டது கேட்டது அத்தனையோடும். பூக்காரி கூடையில் சரத்துக்குச் சேராமல் கிடக்கும் பூ மாதிரி. உதிரி என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் பிறகு மாற்ற முடியாது என்றும் சொல்லியிருந்தாள். உதிரியே போதும் என்றார் நயினார்.

“அம்மா போய் எத்தன நாளாச்சு! அது எப்பவோ முடிஞ்சிருக்குமே?”

“முடியல அண்ணாச்சி. இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. உங்க தலைக்குள்ளதான் முறை வாங்கிக்கிட்டு ஓடுது. முடிஞ்சுதுன்னு அது சொல்லவே இல்ல. அம்மாகூட இருக்கணும்னா அம்மா நெனப்பு வேணும்லா, அத எடுத்துப் பூட்டுனது, இன்னும் விடல.”

“விடச் சொல்லு. ஒரு நிமிசம் தொறந்து நான் பாத்துட்டுத் தாரேன்.”

“அது முடியாதே. உதிரிக்காகக் காத்திருக்க ஆள் கெடையாது. அதுக்குக் குடுத்த வேலையும் போயாச்சு. அந்தப் பூட்டு ஒண்ணுதான் அது கையில இருக்கு. அத விட்டா, சும்மா நிக்கிற இழைன்னு லைப்ரரி அந்த நிமிசமே தொடச்சுப் போடும்.”

ஜெபக்கனி குரலைத் தணித்துக்கொண்டாள்.

“நான் இங்கயிருந்தே வெட்டி விடலாம். ஒரு தட்டுதான். உங்க அம்மா உங்களுக்குத் திரும்பக் கெடச்சிருவாங்க. தென்காசியில நடந்தது மட்டும் வராது, மத்தது எல்லாம் வந்துரும். ஆனா பாதியில வெட்டுனா, அது கையில வச்சிருக்கது கசங்கிப் போகலாம். நீங்க நேர்ல போய்க் கேளுங்க. முடிஞ்சுதுன்னு அதுவே சொல்லிட்டா சுத்தமாத் தொறந்துரும். நீங்கதான அது? நீங்க கேட்டா கேக்காதா?” பிறகு, “ஒருவேள கேக்கலன்னா, எனக்கு ஃபோன் போடுங்க. வெட்டிருதேன்” என்றாள்.

மறுநாள் காலையில் நயினார் பஸ் ஏறினார். எதற்காகப் போகிறோம் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அம்மாவைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வரப் போகிறார். ஆனால் அம்மா எப்படி இருப்பாள் என்று நினைக்கக் கூடாது. நினைத்தால் நிற்கத்தான் வேண்டியிருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து, கடந்துபோகும் ஊர்ப் பலகைகளை ஒன்று விடாமல் வாய்க்குள் வாசித்துக்கொண்டே வந்தார்.

தென்காசியில் சாரல் பிடித்திருந்தது. இல்லத்தின் மேற்பார்வையாளர் கோயில்பிச்சை, வாட்டசாட்டமான மனிதர், குடையோடு வாசலுக்கே வந்துவிட்டார்.

“வாங்க, வாங்க. பொம்மையத் திருப்பி எடுத்துட்டுப் போக வந்தீங்களோன்னு நெஞ்சு பதறிப் போச்சு. தப்பா நெனக்கப்படாது. அம்மா போனப்புறம் நாங்களே அனுப்பியிருக்கணும். அது பாட்டுக்குப் பக்கத்துக் கட்டில் ஆளுக்குத் தண்ணி குடுத்துச்சு, துணி மடிச்சுச்சு. ராத்திரி ஆளுங்க தூங்கிருவாங்க, அது தூங்காது. நாங்களும் பேசாம விட்டுட்டோம்.”

“அது கிட்டப் பேசணும்” என்றார் நயினார்.

ஜன்னலோரக் கட்டிலில் யாரோ ஒரு கிழவி படுத்திருந்தாள். அதன் பக்கத்து ஸ்டூலில் பொம்மை உட்கார்ந்திருந்தது. முகக் கண்ணாடியில் அவருடைய முகம்தான். ஆனால் அந்த முகத்தை நயினார் எந்தக் கண்ணாடியிலும் பார்த்ததில்லை. கண்ணுக்குக் கீழே வீங்கி, உதடு வறண்டு, அழுது ஓய்ந்து திரும்ப அழுத ஒருவனின் முகம். தனக்கு வராத துக்கம் எங்கே போயிற்று என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

“வந்துட்டியா” என்றது அது. “மெலிஞ்சுட்ட.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“தெனமும் சவரம் பண்ணுன மூஞ்சிலா, எனக்குத் தெரியாதா?”

இருவரும் சிரிக்கப் பார்த்தார்கள். வரவில்லை. வெளி வராந்தாவில், சாரல் தெறிக்காத பக்கமாக இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

“ஏன் முடிக்கல?” நயினார் நேராகவே கேட்டார். “ஏன் எனக்குச் சொல்லல?”

“கோயில்பிச்சை அண்ணன்கிட்டச் சொல்லி ஃபோன் போட்டிருக்கலாம். போடல. போட்டா நீ முடிக்கச் சொல்லுவன்னு பயம்.” அது மறைக்கவில்லை. தன்னிடமே பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது. “அவ கடைசியில எப்படி இருந்தான்னு கேக்க மாட்டியா?”

“சொல்லு.”

“மொத நாள் என்னப் பாத்ததும், நீ அவன் இல்லைலான்னு சொன்னா. ஆமாம்மா, அவன் அனுப்புன இழைன்னேன். மொகத்தத் திருப்பிக்கிட்டா. மறுநாள் காலு அமுக்கி விட்டுக்கிட்டிருந்தேன். மூணு வயசுல காய்ச்சல்ல கெடந்தியே, உனக்கு நெனவிருக்கான்னு கேட்டா. இருக்கும்மா, கஞ்சித் தண்ணியத் துப்பிட்டு உன்னையக் கடிச்சேன்னேன். அப்ப நீயும் அவந்தான்னுட்டா. அதுக்கப்புறம் பேச்சுதான். உன்கிட்டச் சொல்லாததெல்லாம் சொன்னா.”

நயினார் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். வார்த்தைகள் வந்தன. அடுத்த வீட்டுக்காரன் தன் அம்மாவைப் பற்றிச் சொல்லக் கேட்பது போல இருந்தது. அந்த வார்த்தைகளுக்கு ஒரு குரலை வைத்துப் பார்க்க மனசு எட்டி எட்டிப் பார்த்தது. அவர் அதைப் பிடித்து இழுத்து வைத்துக்கொண்டார்.

“ஒருநாள் கேட்டா: நான் போயிட்டா அவன் அங்க இருப்பான், நீ எங்க போவ? எனக்குப் பொய் சொல்ல வரல. நான் எங்கயும் போகமாட்டேம்மா, நான் உதிரி, முடிஞ்சுதுன்னு சொன்னதும் அழிச்சிருவாங்கன்னேன். திகைச்சுப் போயிட்டா. என்னத்த நீ பாத்த, என் கூடக் கெடந்து என்னத்த நீ பட்ட, அது எதுவும் யாருக்கும் போகாதான்னா. போகாதும்மான்னேன். அழுதா. தனக்கு நோவுன்னு சொன்ன அன்னைக்கு அழாதவ, அன்னைக்கு அழுதா.”

“அப்புறம்?”

“அதுவரைக்கும் கஞ்சி வேண்டாம், ஊசி மட்டும் போதும், சீக்கிரம் போனாச் சரின்னு கெடந்தவ, மறுநாள் காலையில கஞ்சி கேட்டா. எறங்கல. எறங்காத கஞ்சியப் பல்லக் கடிச்சுக்கிட்டு முழுங்கினா. மருந்து தூக்கம் தருதுன்னு ஊசியக் கொறைக்கச் சொன்னா. டாக்டருக்கு ஆச்சரியம். ஏன் ஆச்சி இப்பிடி வலிய வாங்கிக்கிட்டுக் கெடக்கீங்கன்னு கேட்டாரு. பிள்ளைய அந்தரத்துல விட்டுட்டு எப்படி ஐயா போகன்னா.”

நயினார் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நாட்களில் பெரியம்மா மகள் தினமும் ஃபோன் செய்தாள். ‘எப்பவோ போக வேண்டிய உசுரு. உன்னப் பாக்கத்தான் புடிச்சுக்கிட்டுக் கெடக்கா. ஒரு நடை வந்துட்டுப் போயேன்லே.’ அந்த வார்த்தை இன்றைக்கு வரைக்கும் அவரை அறுத்துக்கொண்டிருந்தது.

“எனக்காக இல்லையா?” என்று கேட்டார்.

சாரல் ஓட்டுச் சரிவில் இறங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது.

“இல்ல. உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அவளுக்குத் தெரியும். நான் போயிரக் கூடாதுன்னுதான் அவ போகாம இருந்தா.”

இத்தனை நாள் அந்தக் குற்றத்தைச் சுமந்ததில் ஒரு சொந்தம் இருந்தது. தனக்காகக் காத்திருந்தாள், தான் போகவில்லை என்பதாவது தன்னுடையதாக இருந்தது. இப்போது அதுவும் கையில் இல்லை.

“அவ பட்டதப் பாக்க முடியல” என்றது அது. “நான்தான் சொன்னேன், நீ போம்மா, நான் முடிஞ்சுதுன்னு சொல்லவே மாட்டேன்னு. சத்தியம் வாங்கிக்கிட்டா. நம்ம வீட்டுல எதையாச்சும் முடிஞ்சுதுன்னு சொல்லியிருக்கமாலே, அரிசிப் பானை காலியானாக்கூடப் பெருகிட்டுன்னுதான சொல்லுவோம், நீயும் சொல்லாத, அப்படின்னா.”

அரிசிப் பானை. நயினாருக்கு அது தெரியும். அடுக்களை, பானை, குனிந்து பார்க்கும் ஒரு ஆள். பிடித்து வைத்திருந்த மனசு கையை உதறிக்கொண்டு ஓடியது.

“அண்ணாச்சி! ஐயா! இங்க பாருங்க!” கோயில்பிச்சை தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் பேய் கண்ட திகில். “என்ன ஐயா இது, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தபடி செலை மாதிரி இருக்கீங்க! அதுவும் அசையல, நீங்களும் அசையல!”

“ஒண்ணுமில்ல. ரெண்டும் ஒரே மூளை” என்றார் நயினார். கோயில்பிச்சை எதுவும் புரியாமல் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார்.

எதிரே பொம்மையும் அப்போதுதான் கண்ணை இமைத்தது.

“பாத்தியா” என்றது மெதுவாக. “நீ வாசல்ல வந்து நிக்கிற ஒவ்வொரு தடவையும் நானும் நின்னுபோறேன். உள்ள இருந்துக்கிட்டு உனக்குத் தொறக்க முடியாம.” பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தது. “நீ எதுக்கு வந்திருக்கன்னு எனக்குத் தெரியும். நான் உன்கூடச் சண்டை போடமாட்டேன். அவளுக்கு நான் செஞ்ச சத்தியம் என் மட்டுக்குத்தான். நீ முடின்னா முடிக்கேன். உனக்கும் அவ அம்மைதான. பிறந்ததுலேருந்து உள்ளது பூராவும் உன்கிட்ட வந்துரும்.”

“அவகிட்ட இத நீ சொல்லலையா? நான் வந்து கேட்டா என்ன செய்வன்னு?”

“சொன்னேன். அவன் வந்து கேட்டா என்னால மாட்டேன்னு சொல்ல முடியாதும்மான்னேன்.”

“அதுக்கு என்ன சொன்னா?”

“அவன் கேக்கமாட்டான்னா.”

நயினார் எழுந்து வராந்தாவின் கோடிக்குப் போனார். எதிரே மலை தெரியவில்லை, வெள்ளையாக மூடிக் கிடந்தது. பையிலிருந்து ஃபோனை எடுத்தார். ஜெபக்கனி முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். காத்துக்கொண்டிருந்திருப்பாள்.

“சொல்லுங்க அண்ணாச்சி. கேட்டுச்சா? இல்ல, வெட்டட்டுமா?”

அவர் திரும்பிப் பார்த்தார். பொம்மை வராந்தாவில் இல்லை. உள்ளே அந்தக் கிழவி முனகியிருக்க வேண்டும். அது அவள் தலையை ஒரு கையில் ஏந்திக்கொண்டு கரண்டியில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு கரண்டி கொடுத்து, தொண்டைக்குழி அசைகிறதா என்று பார்த்து, அசையும்வரை பொறுத்து, அதன் பிறகே அடுத்த கரண்டியை எடுத்தது. அப்படிப் பார்த்துக் கொடுக்க நயினாருக்குத் தெரியாது. அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. அது இங்கே வந்து கற்றுக்கொண்டது.

“அண்ணாச்சி? லைன்ல இருக்கீங்களா?”

“வேண்டாம்மா” என்றார். “ஓடட்டும்.”

“என்ன சொல்லுதீங்க? நல்லா யோசிச்சீங்களா? அது பூட்ட விடாதுன்னா உங்களுக்கு அம்மா இல்ல. இன்னிக்கு நாளைக்கு இல்ல, சாகுற வரைக்கும் இல்ல. காத்தாலையிலயும் இனி ஏற முடியாது. கரையில வேல பாத்தாலும், வலிச்சா அம்மான்னு கத்தாத ஊரு எங்கயாச்சும் இருக்கா?”

“நிக்கும்போது யாராச்சும் தட்டி எழுப்புவாங்க. நீ இருக்கல்ல.”

அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவர் ஃபோனை வைத்தார்.

கிளம்பும்போது அது வாசல்வரை வந்தது. செய்தி கேட்டு அது நன்றி சொல்லவில்லை; அவரும் எதிர்பார்க்கவில்லை. கோயில்பிச்சையின் குடையை விரித்து அவர் கையில் கொடுத்தது.

“பாத்துப் போ” என்றது. “மழையில ரோட்டக் கடக்கும்போது பாத்துக் கட. நீ இருக்க வரைக்கும்தான் நானும்.”

“தெரியும்லே.”

“எப்பவாச்சும் வருவியா? சொல்றதுக்கு இன்னும் நெறைய இருக்கு. நீ கேட்டுக்கிட்டு மட்டும் இரு, நெனச்சுப் பாக்காத.”

“வாரேன்” என்று சொல்லி, தன் கையைப் போலவே இருந்த அந்த ரப்பர் கையை ஒரு நிமிஷம் பிடித்திருந்துவிட்டு இறங்கி நடந்தார்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி வந்து உட்கார்ந்தாள். மடியில் பலாப்பழம். அது உருளாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னாள், பிடித்துக்கொண்டார். கடையநல்லூர் தாண்டுவதற்குள் தன் மூத்த மகள் சம்பந்தம் முறிந்த கதையைப் பாதி சொல்லி முடித்திருந்தாள். பிறகு அவர் முறை வந்தது.

“நீங்க தென்காசிக்கு எதுக்கு வந்துட்டுப் போறீங்க? சொந்தக்காரங்களா?”

“தம்பி இருக்கான்” என்றார் நயினார். “அவனப் பாத்துட்டு வாரேன்.”

“கூடப் பொறந்தவனா? எத்தன பேரு நீங்க?”

“ரெண்டு பேரு.”

“அப்பா அம்மாலாம் இருக்காங்களா?”

“அப்பா இல்ல.”

“அம்மா?”

உள்ளே ஏதோ அந்தக் கதவை நோக்கி அடி எடுத்து வைத்தது. அவர் அதன் தோளைத் தொட்டுத் திருப்பினார். அவள் பதிலுக்காக முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா தம்பிகூட இருக்காங்க.”

“அப்படியா” என்று அவள் பலாப்பழத்தைச் சரி பண்ணிக்கொண்டாள். “குடுத்து வச்சவரு உங்க தம்பி.”

“ஆமா” என்றார் நயினார்.